சித்திரபானு வருடமும் நவம்பர் 30 ஆம் திகதியும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய அச்சு நூல்களின் விவரங்களைத் திரட்டி ஒரு விக்கியாக அமைக்கும் வேலையில் நாங்கள் நால்வர் ஈடுபட்டுள்ளோம். 1981 இல் பொது நூலகத்தை நெருப்புக்குக் கொடுத்த ஊர் இது. ஒரு நூலின் முகப்புத்தாளில் உள்ளதைப் பிழையின்றிப் பதிந்து வைப்பதை எங்களால் சிறிய காரியமாக எண்ண முடியவில்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியையும், 2012 இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்துக்கென எழுதப்பட்ட அதன் நீட்சியான விக்கிபேஸையும் நிறுவி, ஒவ்வொரு நூலையும் ஓர் உருப்படியாக்கினோம். ஆசிரியர், பதிப்பாளர், அச்சகம், ஆண்டு ஆகிய பண்புகளின் கீழ் உள்ளிட்ட தரவை லூவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் மூலம் பக்கத்தின் தகவற்பெட்டியில் காட்டுவது என் பொறுப்பாக இருந்தது.

முதல் இரண்டு மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே நம்பியிருந்தேன். எங்களோடு மெய்ப்புப் பார்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் ஒரு மாலை இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, இந்த ரெண்டு புத்தகமும் 1882 நவம்பர் 30 ஆம் திகதி அச்சடிச்சது எண்டு கிடக்கு. எங்கை அப்பிடிப் போட்டிருக்கு?" என்று கேட்டார். முகப்புத்தாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்றில் "சித்திரபானு வருடம் மாசி மாதம்" என்றிருந்தது, மற்றதில் பங்குனி. நவம்பர் என்ற பேச்சே இல்லை. தேடிப் பார்த்தபோது, ஆண்டை மட்டும் உள்ளிட்டிருந்த நூல்கள் அத்தனையும் ஏதோ ஓர் ஆண்டின் நவம்பர் 30 இல் வெளிவந்தவையாகவே எங்கள் விக்கியில் நின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன. விக்கிபேஸ் ஒரு திகதியோடு அதன் துல்லியத்தையும் தனி எண்ணாகச் சேமிக்கிறது: நாள் தெரிந்தால் 11, மாதம் மட்டுமென்றால் 10, ஆண்டு மட்டுமென்றால் 9. ஆண்டு மட்டும் தெரிந்த திகதி உள்ளே 1883-00-00 என்றே இருக்கும். என் நிரல் துல்லிய எண்ணைப் பார்க்காமல் அந்த எழுத்துச் சரத்தை அப்படியே மீடியாவிக்கியின் திகதி வடிவமைப்புச் செயற்பாட்டுக்குக் கொடுத்தது. அதற்கு அடியில் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழி, பூச்சிய மாதத்தைச் சனவரிக்கு முந்திய மாதமாகவும், பூச்சிய நாளை முதலாம் திகதிக்கு முந்திய நாளாகவும் கணக்கிடுவதால், 1882 டிசம்பருக்குப் போய், அங்கிருந்து ஒரு நாள் பின்வாங்கி நவம்பர் 30 இல் நின்றது. சித்திரபானு வருடம் 1882 சித்திரையில் பிறந்து 1883 பங்குனியில் முடிவதால், இந்தப் பொய்த் திகதியும் அந்த வருடத்துக்குள்ளேயே விழுந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது பிழையாகப் படாமல் போனதற்கு அதுவே காரணம். என்னை மிகவும் வருத்தியதும் அதுதான்: தரவு சரியாக இருந்தது, அதைக் காட்டிய விதமே பொய் சொன்னது.

துல்லிய எண்ணைச் சரிபார்க்க ஒரு வரி சேர்த்தால் வழு தீர்ந்துவிடும். ஆனால் வெறும் "1883" என்று காட்டுவதும் போதாது என்று அந்த ஆசிரியர் சொன்னார். யோசித்தபோது அவர் சொல்வதே சரி என்று பட்டது. வருடப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ஆறுமுக நாவலர் பிறந்ததும் ஒரு சித்திரபானுவில்தான், 1822 டிசம்பர் 18 இல். மாசி என்றிருந்த நூல் அவர் பதிப்பித்த நூலொன்றின் மறுபதிப்பு. எனவே 1822 ஆக இருக்க முடியாது. 1942 இன் சித்திரபானுவும் அல்ல என்பதற்கு, உட்பக்கத்தில் பழைய உரிமையாளர் மையால் எழுதிவைத்த 1891 என்ற ஆண்டு சாட்சி. இவ்வளவு ஊகமும் கடந்து வந்த எண்ணை, முகப்புத்தாளே சொன்னதுபோல் காட்டுவது நேர்மையாகாது. ஆகவே முகப்புத்தாள் வாசகத்தை ஒரு தனிப் பண்பாக, எழுத்து மாறாமல் பதிந்தோம். ஆங்கில ஆண்டை அதன் மிக முந்திய, மிகப் பிந்திய திகதிகளோடும், முடிவுக்கு வந்த காரணத்தோடும் சேமித்தோம். தகவற்பெட்டியில் வாசகம் முதலிலும், கணித்த காலம் அதன் கீழே சிறிய எழுத்திலும் வருகின்றன.

வெற்றிடங்களிலும் இதே கவலை வந்தது. கறையான் தின்றதால் பதிப்பாளர் பெயர் போன நூலும், விலையே அச்சிடாத நூலும் ஒன்றல்ல. விக்கிபேஸில் "மதிப்பு உண்டு, தெரியவில்லை", "மதிப்பே இல்லை" என இரு நிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. என் பழைய நிரல் இரண்டையும் விழுங்கிவிட்டு வரிசையையே மறைத்தது. இப்போது முதலாவது "தாள் சிதைந்துள்ளது" என்றும் இரண்டாவது "குறிப்பிடப்படவில்லை" என்றும் தெரிகின்றன. இன்னும் எவருமே உள்ளிடாத வரிசை மட்டுமே மறைகிறது.

கைபேசியில் வேறொரு சிக்கல். நாவலரின் அச்சகப் பெயர் "வித்தியாநுபாலனயந்திரசாலை" என இடைவெளியின்றிப் பதினான்கு எழுத்துகள் நீளும். தலைப்பும் மதிப்பும் பக்கம் பக்கமாக நிற்கும் அட்டவணையில் அது பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. எங்கு வேண்டுமானாலும் உடை என்று உலாவிக்குச் சொன்னால், அடுத்த வரி "ந்திரசாலை" என்று மெய்யெழுத்தில் தொடங்கியது. தமிழ் படித்த எவருக்கும் அது உறுத்தும். முடிவில் அட்டவணையையே கைவிட்டு, தலைப்பை மேலேயும் மதிப்பை அதன் கீழே முழு அகலத்திலும் வைத்தேன். சொல் பிரியக்கூடிய இடத்தில், "பாலன"வுக்கும் "யந்திர"த்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத, அகலமற்ற இடைவெளி ஒன்றை நிரல் காட்டும்போது மட்டும் இடுகிறது. தரவுக்குள் இட்டால் தேடலில் சொல் அகப்படாது.

கடந்த வாரம் அந்த ஆசிரியர் அதே நூலின் பக்கத்தைத் தம் கைபேசியில் திறந்தார். "சித்திரபானு வருடம் மாசி மாதம்" என்றும், கீழே "1883 பெப்ரவரி – மார்ச், கணித்தது" என்றும் இருந்தன. "கணித்தது" என்ற சொல்லைத் தொட்டதும் 1891 என்று எழுதிய உட்பக்கத்தின் படம் திறந்தது. அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த நூலை எடுத்துத் தாருங்கள் என்றார்.