மூடியில் ஓர் எருமை

ஊட்டி போகிறவர்கள் படகு, பூங்கா, சாக்லேட் என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம், அந்த மலை உச்சிகளில் கிடக்கும் கல்குவியல்களை யாரும் கண்டுகொள்வதில்லை. வட்டமாகக் கல் அடுக்கி, நடுவில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இடிந்துபோன ஆட்டுப்பட்டி மாதிரிதான் இருக்கும். எல்லாம் சமாதிகள்.

நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் என்ற வெள்ளைக்காரர் இவற்றில் பலவற்றைத் தோண்டினார். 1872-ல் அவர் இறந்துபோக, இவற்றைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் மறு வருஷம்தான் வெளிவந்தது. எரிந்த எலும்பு, இரும்பு ஈட்டிமுனை, வெண்கலக் கிண்ணம் எல்லாம் கிடைத்தன. சரி, அதெல்லாம் மற்ற ஊர்களிலும் கிடைப்பதுதான். என்னைக் கட்டிப்போட்டது ஜாடி மூடிகள். உயரமான, வளையம் வளையமாக அடுக்கிய மண்ஜாடி, அதன் மூடியின் மேல் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கொம்பை வளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு குட்டி எருமை! சிலதில் குதிரைமேல் ஆள். ரொம்ப நேர்த்தி என்று சொல்ல முடியாது, நம் வீட்டுப் பிள்ளைகள் களிமண்ணில் பிடித்த மாதிரிதான் இருக்கும், ஆனால் எருமை எருமையாகவே இருக்கிறது.

எருமை என்றதும், நீலகிரியில் எருமை வளர்க்கும் பழங்குடிகளான தோடர்கள்தானே என்று தோன்றும். ஆனால் இவை எங்கள் முன்னோர்களுடையவை என்று அவர்கள் உரிமை கொண்டாடியதில்லை. யார் கட்டியது என்ற சண்டை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பொருட்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். அப்புறம் மலையில் மிச்சம்? கல் மட்டும்.