அடியில் பட்டால் சார்ஜ் போடாதீங்க

இன்று காலை மில்லுக்குத் திரும்பும் வளைவில், லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலை ஒன்று நடுரோட்டில் கிடந்தது. பின்னால் வந்த மின்சாரக் காடி, குலையை இரண்டு டயருக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்த்தது.

கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனது. அடித்தகட்டில் ஆரஞ்சுப் பழமெல்லாம் நசுங்கி அப்பியிருந்தது.

அந்தக் குலையின் காம்பு மரக்கட்டை மாதிரி. பல மின்சாரக் காடிகளில் தரைக்கும் அடிக்கும் இடைவெளி 15 செ.மீ. சுற்றுத்தான். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை அடி முழுக்க பேட்டரி.

நடுவில் விட்டுத் தாண்டும் பழக்கம் இதற்கு ஆகவே ஆகாது. நின்று, விலகிப் போங்க.

பட்டுவிட்டதா? வண்டி ஓடுதேன்னு விட்டுடாதீங்க. பேட்டரிக்குள்ளே இருக்கும் செல் நசுங்கியிருந்தால் சில மணி நேரம், ஏன் சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

சார்ஜ் போடாதீங்க. போர்ச்சில் நிறுத்தாதீங்க, வீட்டிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் நிறுத்துங்க. சீறும் சத்தம், புகை, ரசாயன வாடை வந்தால் விலகி நின்று 999 அழைத்து, மின்சாரக் காடி என்று போம்பாவிடம் (தீயணைப்புப் படையிடம்) முதலிலேயே சொல்லுங்க.

ஜாக்கை பேட்டரிக்கு அடியில் கொடுக்கவே கூடாது; ஓரச் சட்டத்தில் குறித்திருக்கும் இடத்தில் மட்டும். பட்டறையில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பேட்டரித் தட்டில் ஒடுக்கு இருக்கா, கூலண்ட் (பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம்) கசியுதான்னு பார்க்கச் சொல்லுங்க.