ஹோய்க் கிழவர் – ஸ்ட்ராம்னஸ் நாட்குறிப்பு

மே 19

மேற்குக் காற்று. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி தீவுகளில் இருக்கிறோம். எதிரே இருக்கிற ஹோய்த் தீவுக்குப் படகு விடவில்லை.

மே 20

இன்றும் இல்லை. துறையில் நின்று பார்த்தால் நீரிணைக்கு அப்பால் வார்ட் ஹில்லின் முதுகு தெரிகிறது. கிழவர் என்று இங்கே பேர் வைத்திருக்கிற பாறைத் தூண் அதற்கும் பின்னால், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி நிற்கிறது. முதன்முதலில் ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து பெரிய கப்பலில் வந்தபோது பார்த்தது. எல்லோரும் ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றார்கள். மழைத்திரைக்குள் சிவப்பாக ஒரு தூண் தெரிந்தது, பிறகு மறைந்துவிட்டது. அதிலிருந்து பக்கத்தில் போய்ப் பார்க்காமல் மனம் ஆறவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் பேசினேன். போட்டோவைத் தம்பி காட்டியிருக்கிறான்.

"அந்தக் கல்லு எவ்வளவு ஒசரம் மக்களே?"

"449 அடிப்பா."

"நம்ம வள்ளுவரு 133. அப்போ ஒருத்தரு தலையில ஒருத்தரா மூணு வள்ளுவரு நிக்கணும். அதுக்கு மேலயும் அம்பது அடி மிச்சம்."

மனக்கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. வள்ளுவருக்கு 38 அடி பீடம், அது அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட மாதிரி எனக்கு மறுபடி சொன்னார். 2004 சுனாமியில் அலை அவ்வளவு ஏறியும் சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். "உங்க கிழவருக்குப் பீடம் உண்டுமா?"

உண்டு. கீழே எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதன்மேல் செம்மணற்கல், டெவோனியன் காலத்தது, 37 கோடி ஆண்டு வாக்கில். மணற்கல்லைக் கடல் சீக்கிரம் அரித்துவிடும். அடியில் லாவா இருப்பதால்தான் இதுவரை நிற்கிறது.

"அடி கெட்டியா இருந்தா போரும்" என்றார்.

தன் காலில் இருக்கிற புண்ணைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 21

விசா மின்னஞ்சல் வரவில்லை.

மே 23

நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்க்கிறேன்.

ஆண்டாண்டு காலமாக நிற்கிற பாறை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. 1750 வாக்கில் வரைந்த கடல் வரைபடத்தில் அந்த இடத்தில் தூண் கிடையாது, நிலத்தோடு ஒட்டிய முனைதான் இருக்கிறது. பாறை கோடிக்கணக்கான ஆண்டு பழையது, ஆனால் தூணாகத் தனியே நிற்பது இருநூற்றைம்பது ஆண்டுக்குள்தான். நாகர்கோவிலில் எங்கள் தெருக்கோடி அரசமரத்துக்கு அதைவிட வயது கூடுதலாக இருக்கலாம்.

வில்லியம் டேனியல் என்ற ஓவியர் 1817 வாக்கில் வந்து வரைந்திருக்கிறார். அதில் கிழவருக்கு இரண்டு கால். நடுவே வளைவு, வளைவுக்குள் வெளிச்சம். இப்போது இருப்பதைவிட அகலமாக, சாவகாசமாக நிற்கிறார். கால்கள் இருந்ததால்தான் மனிதன் என்று பேர் வந்ததாம். அப்புறம் ஏதோ ஒரு புயலில் ஒரு கால் போய்விட்டது.

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கால் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 24

அப்பாவுக்கு இரண்டு கால்விரல் எடுத்தது போதாதாம்.

மே 25

தம்பிக்கு நான்கு முறை அடித்தேன். ரத்த ஓட்டம் பார்க்க டாப்ளர் எடுத்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்திருக்கிறாள். "நீ வரணும்னு யாரும் சொல்லல அக்கா" என்கிறான். அவன் அப்படிச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

விசா விண்ணப்பம் முடிவாகும் முன் நாட்டை விட்டுப் போனால் அது ரத்தாகிவிடும். இவர் மெதுவாக, கோபப்படாமல், அதையே திரும்பச் சொல்கிறார். எனக்குத் தெரியும்.

மே 27

தூக்கமில்லை. பதினொரு மணி தாண்டித்தான் இருட்டுகிறது. நாலு மணிக்குள் வெளிச்சம் வந்துவிடுகிறது.

கிழவர்மேல் ஏறியவர்களைப் பற்றி வாசித்தேன். 1966இல் கிறிஸ் பானிங்டன், டாம் பேட்டி, ரஸ்டி பெய்லி மூவரும் முதலில் ஏறினார்கள். மூன்று நாள் வேலை. அடுத்த ஜூலையில் பிபிசி அதையே நேரலையாகக் காட்டியது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்து ஆறு பேர் ஒரு கல்லில் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் கண் பார்வை இல்லாத ஜெஸ்ஸி டஃப்டன் முன்னணியில் ஏறினார். கயிற்றைத் தாங்கும் கருவியைப் பாறை வெடிப்பில் செருகுவதும் அவர் கைதான். வெடிப்பின் அகலத்தை விரலால் அளந்து அளந்து ஏறியிருக்கிறார்.

என்னை உலுக்கியது பானிங்டன் கதை. 2014இல் 80 வயதில் மறுபடி வந்து ஏறினார். அதற்குச் சில வாரம் முன்புதான் மனைவி வெண்டி இறந்திருந்தார், நரம்பு நோய். அந்த நோய்க்கான நிதி திரட்ட ஏறினார். துக்கம் கேட்க வந்தவர்கள் முன் உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்களில் ஒரு மனிதர் கையால் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது புரிகிறது. கையில் பிடிக்க ஏதாவது வேண்டும்.

மே 28

முழங்காலுக்குக் கீழே. அடுத்த வாரம்.

மே 29

பாறை வேறு, அப்பா வேறு. இரண்டையும் முடிச்சுப் போடாதே, போடாதே, போடாதே. அப்பாவுக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, செயற்கைக்கால் இருக்கிறது. பாறைக்கு யாரும் இல்லை.

மே 31

காற்று விழுந்தது. படகு விட்டார்கள்.

மோனஸ் துறையில் இறங்கி, வேனில் ராக்விக். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே உருண்டைக் கற்கள் நிறைந்த கடற்கரை, கல் வீடுகள். அங்கிருந்து ஏற்றம். மூச்சு வாங்கியது. அப்புறம் சமதளம், ஹெதர் புதரும் கரிச்சதுப்பும், மரமே கிடையாது. பாங்க்ஸி என்று இங்கே சொல்கிற பெரிய பழுப்புப் பறவை தலையை உரசுகிற மாதிரி இரண்டு தடவை பாய்ந்தது. பக்கத்தில் கூடு இருந்திருக்கும். கையை உயர்த்திக்கொண்டே நடந்தேன்.

முதலில் தலை மட்டும் தெரிந்தது, புல் விளிம்புக்கு மேலே. நாம் நிற்கிற நிலத்தின் உயரத்துக்கே அவர் தலையும் இருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. விளிம்புக்குப் போனதும் மற்றதெல்லாம் ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது.

சிவப்பு, மஞ்சள், கறுப்பு வரிகள். கெட்டியான படுகை வெளியே துருத்த, மெத்தென்ற படுகை உள்ளே குழிந்து, பக்கமெல்லாம் பல் பல்லாக இருக்கிறது. ஒவ்வொரு பல்லிலும் ஃபுல்மர் பறவை. ஏறுகிறவர்கள்மேல் நாற்ற எண்ணெயைக் கக்குமாம். நமக்கும் தூணுக்கும் நடுவே பள்ளத்தில் உடைந்த பாறைக் குவியல். ஏறுகிறவர்கள் அந்தக் குவியல்மேல் நடந்துதான் அடிக்குப் போகிறார்கள். போன காலும் வளைவும் அதில்தான் எங்கோ கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தெற்கு முகத்தில் உச்சியிலிருந்து இறங்குகிற வெடிப்பு இருக்கிறது. 40 மீட்டர். ஒருநாள் அந்தப் பக்கம் முழுதும் விழும். பக்கத்தில் நின்ற முதியவரிடம் கேட்டேன், எப்போது விழும் என்று. ஊர்க்காரர். இன்று இல்லை என்றார், அன்பாக.

வீடியோ எடுத்து அனுப்பினேன். சிக்னல் இல்லை, படகில் வரும்போதுதான் போனது.

ஜூன் 1

அப்பா வீடியோவைப் பார்த்துவிட்டார். "எல்லா பக்கமும் தின்னு போயிருக்கு மக்களே. ஆனா நிக்கான் பாரு." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ விளிம்பில நிக்காத. கீழ விழுந்தா யாரு எடுப்பா?"

வலிக்கிறதா என்று கேட்டேன். முதல் முறையாகக் கேட்டேன். "ராத்திரிதான்" என்றார்.

ஜூன் 2

ஒன்றுமில்லை.

ஜூன் 3

அங்கே காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இங்கே இரண்டரை. வானம் ஏற்கெனவே வெளுத்துக் கிடந்தது. இவரும் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். முடிந்தது, கண் திறந்தார், தண்ணீர் கேட்டார். அம்மாவிடம் "மக்களுக்குச் சொல்லியாச்சா" என்றாராம்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு சோறு வைத்தேன். இரண்டு பேரும் காலையிலேயே சோறு சாப்பிட்டோம்.

ஜூன் 4

வந்துவிட்டது!! அனுமதி வந்துவிட்டது. இவர் உடனே டிக்கெட் போட்டுவிட்டார். நாளை அதிகாலைக் கப்பல், ஸ்க்ராப்ஸ்டர், தர்சோவிலிருந்து ரயில், இன்வர்னஸ், அங்கிருந்து விமானம். திருவனந்தபுரத்தில் தம்பி காத்திருப்பான்.

மாடியிலிருந்து அப்பா கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கச் சொல்ல வேண்டும். குளியலறைக் கதவு அகலம் அளந்து வைக்கச் சொல்ல வேண்டும், சக்கர நாற்காலி நுழையுமா என்று. வாசல்படி மூன்று இருக்கிறது, அதற்குச் சரிவு போட கொத்தனாரை நாளைக்கே