நெளி அட்டையில் ஒரு கிட்டார்: வேலை நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியை மடித்துக் கட்டும்போது தோன்றிய யோசனை இது. அட்டையை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். நெளிவு ஓடும் திசையில் வளைய மறுத்தது. குறுக்கே சட்டென்று மடிந்தது. ஒட்டுப்பலகையில் செய்வதுபோல ஓர் அடுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்கு குறுக்கு என்று ஒட்டினால் இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்குமே!

சொந்தக் கையால் எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பழைய கிட்டார் ஒன்றின் கழுத்தும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும், உடலின் மேல் கம்பியைத் தாங்கும் ப்ரிட்ஜும் பரணில் கிடக்கின்றன. உடல் மட்டும்தான் இல்லை. அதை இந்த அட்டையிலேயே செய்யப்போகிறேன். அட்டையின் தடிப்பு 4 மி.மீ., கிட்டார் உடலின் தடிப்பு வழக்கமாக 44 அல்லது 45 மி.மீ. ஆக, 11 அடுக்கு.

மார்ச் 4

11 துண்டும் வெட்டியாயிற்று. பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் அட்டையை வெட்டாமல் நசுக்குகிறது. நசுங்கிய நெளிவு மறுபடி எழுவதில்லை. இரண்டு துண்டுக்கு ஒரு பிளேடு மாற்றினேன். வெள்ளை மரப்பசையை ரோலரால் மெல்லிசாகத் தடவி அடுக்கி, மேலும் கீழும் பலகை வைத்து, புத்தகங்களைப் பாரமாக ஏற்றியிருக்கிறேன்.

மார்ச் 8

ஓரமெல்லாம் கல் மாதிரி காய்ந்திருக்கிறது. நடுவில் ஒரு துளை போட்டுப் பார்த்தால் டிரில்லோடு ஈரக்கூழ் வருகிறது. இந்தப் பசை தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். 11 அடுக்குக்கு நடுவே மாட்டிய தண்ணீர் எந்த வழியாகப் போகும்? இன்னும் ஒரு வாரம் தொடக் கூடாது.

மார்ச் 15

கழுத்து உட்காரும் பள்ளம் வெட்டினேன்: 56 மி.மீ. அகலம், 16 மி.மீ. ஆழம். பின்பக்கம் இரும்புத் தகடு, அதன் வழியாக நாலு ஸ்க்ரூ. கழுத்து அசையாமல் உட்கார்ந்தது. முழு உடலும் ஒரு கிலோகூட இல்லை. நாளைக்குக் கம்பி போடலாம்.

மார்ச் 17

நேற்று சாயங்காலம் 10–46 கம்பி செட் (மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, தடித்தது 46) போட்டுச் சுருதி சேர்த்தேன். 12ஆம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த 12ஆவது உலோகக் கோட்டில், கம்பிக்குக் கீழே 2 மி.மீ. இடைவெளி. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமலே பத்து நிமிஷம் வாசித்துவிட்டுப் படுத்தேன். காலையில் தம்பிதான் முதலில் பார்த்தான்.

“அண்ணா, கழுத்து மேல தூக்கியிருக்கு பாரு.”

அளந்தேன். 5 மி.மீ.! ஆறு கம்பியின் சுருதியும் இறங்கிக் கிடந்தது. மறுபடி முறுக்கினால் பத்து நிமிஷத்தில் மறுபடி இறங்குகிறது. முறுக்க முறுக்கக் கழுத்து இன்னும் எழுகிறது.

எல்லாவற்றையும் கழற்றினேன். பின்தகடு நேராகப் புதையாமல், கழுத்துப் பக்கம் 3 மி.மீ. இறங்கி, ப்ரிட்ஜ் பக்கம் மேலாகவே நின்றிருந்தது. பள்ளத்துக்குள் இதற்கு நேர்மாறு: கழுத்தின் அடிக்கட்டை உள்முனையில் அட்டையை நசுக்கியிருந்தது, வெளிமுனையில் தொட்ட தடமே இல்லை. நெம்புகோல் வேலை செய்த தடம் அப்படியே பதிந்திருந்தது. ப்ரிட்ஜ் ஸ்க்ரூ துளைகளும் கம்பி இழுத்த பக்கமாக முட்டை வடிவில் நீண்டிருந்தன.

நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் கம்பி உட்காரும் பட்டை) ப்ரிட்ஜ் வரை 648 மி.மீ. நீளத்தில் இந்தச் செட்டை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 46 கிலோ இழுக்கும். தூங்கும்போதும் இழுக்கும். இதை நான் முன்பே அறிந்திருந்தேன். தெரிந்தும் அட்டையின் மேல் அதை ஏற்றினேன். அதுதான் வருத்தம்.

மார்ச் 19

இரண்டு நாளாக வேலையைத் தொடவில்லை, யோசனை மட்டும். அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல்பலகை அதிர்ந்தால்தான் சத்தம். எலெக்ட்ரிக்கில் பிக்கப் பார்ப்பது காந்தத்துக்கு மேலே ஆடும் இரும்புக் கம்பியை மட்டும். உடலுக்கு இருக்கும் பெரிய வேலை, நட்டும் ப்ரிட்ஜும் தங்கள் இடத்தைவிட்டு அசையாமல் பிடித்துக்கொள்வது. அந்த 648 மி.மீ.யைக் காப்பாற்றும் எதுவும் உடலாகலாம்.

1930களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ‘ஃப்ரையிங் பேன்’ எலெக்ட்ரிக் கிட்டார் வார்ப்பு அலுமினியம். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலையும் என்பது அதன் குறை. குயீன் இசைக்குழுவின் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கிய கிட்டாருக்குக் கழுத்து பழைய கணப்படுப்புச் சட்டத்து மரம், உடலின் நடுப்பகுதி பழைய ஓக் மேசை. டேன்எலெக்ட்ரோ நிறுவனம் 1950களில் மரச்சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்ற அழுத்தப் பலகையை ஒட்டி விற்றது. அதுவும் மரநாரை அழுத்திச் செய்ததுதான்.

எனக்கு வழிகாட்டியது கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் ‘லாக்’ (மரக்கட்டை). 1940 வாக்கில் அவர் எடுத்துக்கொண்டது நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்று. கழுத்து, பிக்கப், ப்ரிட்ஜ் எல்லாம் அதன் மேல். பிறகு ஒரு கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்துக் கட்டைக்கு இருபுறமும் இறக்கைபோல ஒட்டினார், பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்க. சத்தம் கட்டையில், வடிவம் இறக்கையில்.

அப்படியென்றால் என் அட்டையில் குற்றமில்லை. இறக்கையாக இருக்க வேண்டியதை முதுகெலும்பாக வைத்துவிட்டேன்.

மார்ச் 23

பழைய கட்டில் சட்டத்திலிருந்து 100 மி.மீ. அகலம், 44 மி.மீ. தடிப்பில் கட்டை கிடைத்தது. அட்டை உடலின் நடுவில் அதே அகலத்தை அறுத்தெடுத்தேன். மர ரம்பம் அட்டையைக் கிழித்தது. இரும்பு அறுக்கும் ரம்பத்தின் பொடிப்பல் சுத்தமாக இறங்கியது.

அறுத்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அடுக்கில் அலை அலையாக நெளிவு, அடுத்த அடுக்கில் நெளிவு பக்கவாட்டில் ஓடுவதால் நீளமான வெற்றுக் கோடு, மறுபடி அலை. இதற்கு மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

மார்ச் 29

இறக்கைகளை, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் எபாக்ஸிப் பசையால் கட்டையோடு ஒட்டியாயிற்று. ஓரங்களுக்கும் எபாக்ஸிதான். 200 கிராம் மொத்தமாகக் கலந்தது தப்பு. கப்பில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வேகமாக இறுகுகிறது. சில நிமிஷத்தில் கையுறைக்கு மேலேயே சுட்டது, கப் இளகியது. அப்படியே வெளியே கொண்டுபோய் வைத்தேன். அடுத்த முறை 50 கிராம், அகலத் தட்டில் பரப்பிவிட்டுத் தடவினேன். முதல் பூச்சை அட்டை குடித்துவிட்டது. மூன்றாவதில்தான் மேலே நின்றது.

ஏப்ரல் 5

நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை 324 மி.மீ. அதன் இரட்டிப்பில் முதல் கம்பியின் சேடில், அதாவது ப்ரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டு. ஆறாவது கம்பிக்கு ஏறக்குறைய 3 மி.மீ. பின்னால், தடித்த கம்பியை அழுத்தும்போது சுருதி கூடுதலாக ஏறும் என்பதால். இரண்டு ஓரக் கம்பியின் பாதையிலும் நூல் பிடித்து, இரண்டும் கழுத்தின் ஓரத்திலிருந்து சம தூரத்தில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே துளை போட்டேன். ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் மரத்தைக் கடித்து முனகியது. அட்டையில் இந்தச் சத்தம் வரவில்லை. அன்றே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 6

ஒயரிங். ஆம்பில் போட்டதும் ஓயாத உறுமல், கம்பியைத் தொட்டாலும் அடங்கவில்லை. ப்ரிட்ஜுக்கு அடியில் வைத்த எர்த் ஒயரின் முனையில் எபாக்ஸி படிந்திருந்தது. சுரண்டியதும் கம்பியில் கை வைத்தால் அடங்கியது. பிக்கப்பும் ஒயரும் உட்காரும் குழிகளின் உள்சுவரில் தாமிர டேப்பும் ஒட்டினேன்.

ஏப்ரல் 8

இரண்டு ராத்திரி தாண்டிவிட்டது. 12ஆம் ஃப்ரெட்டில் அதே 2 மி.மீ. புதுக் கம்பி நீளும் அளவுக்குச் சுருதி கொஞ்சம் இறங்கியது, அவ்வளவே.

சத்தம் தெளிவாக, நீண்டு நிற்கிறது. ஒலியைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவை ஏற்றினால் மட்டும் என் மரக் கிட்டாரைவிடச் சீக்கிரம் ஊளையிடுகிறது. இறக்கையில் உள்ளங்கையை வைத்தால் அடங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றுதானே, ஆம்பின் சத்தத்துக்கு அதுவும் அதிர்கிறது. எனக்கு இந்தக் குணம் பிடித்திருக்கிறது. மாற்றப்போவதில்லை.

ஏப்ரல் 12

மொத்த எடை 2.7 கிலோ. உடல் இலேசாகிவிட்டதால் பட்டையில் மாட்டினால் தலை கீழே சரிகிறது. பட்டைக் குமிழ் மேல்கொம்பின் நுனிக்கு, 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராகப் போக வேண்டும். ஆனால் கொம்பு முழுக்க அட்டை, ஸ்க்ரூ நிற்காது. 12 மி.மீ. துளை போட்டு, எபாக்ஸி நிரப்பி, இறுகிய பிறகு அதற்குள் சின்னத் துளை போட்டு ஸ்க்ரூவை இறக்கினேன். குமிழைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் வரைந்து, பட்டையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13

காலை ஆறரை. குமிழ் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தம்பி அதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டு ஆம்பைத் தேடுகிறான்.