அமானுஷ்ய அனுபவ ஆய்வு: நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியது எப்படி

அமானுஷ்ய அனுபவம் ஏற்பட்டதாகச் சொல்பவர்களை நேர்காணல் செய்வதுதான் என் முதுகலை ஆய்வு. தலைப்பு, வழிகாட்டியின் சம்மதம் எல்லாம் சட்டென்று முடிந்தன. இழுத்தடித்தது, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு.

திரும்பி வந்த விண்ணப்பத்தின் ஓரத்தில் ஒரு நிபந்தனை: பங்கேற்பவர் ஒவ்வொருவரும் மனநல மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கித் தர வேண்டுமாம். படித்ததும் கோபம் வந்தது. இறந்துபோன கணவரின் காலடிச் சத்தம் கேட்டது என்று பேச வரும் பெண்ணிடம், முதலில் உங்கள் மனநிலை சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றா சொல்வது? அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? விளக்கம் கேட்கப் போனால், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று கோப்பைப் பிரிக்காமலே அனுப்பிவிட்டார் எழுத்தர்.

கைகொடுத்தவை பழைய ஆய்வுகள். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இதை இணைத்து, பேய் உண்டா இல்லையா என்பது என் கேள்வியே அல்ல, அனுபவத்தை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்று எழுதினேன். யாராவது கலங்கினால் பேட்டியை உடனே நிறுத்துவேன், ஆலோசகரிடம் அனுப்புவேன் என்பதையும் படிப்படியாக விவரித்தேன். சான்றிதழ் நிபந்தனை நீங்கியது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அனுமதி கிடைத்தபின் ஒரு நல்ல பேட்டி கைவிட்டுப் போனது. பேட்டி கொடுத்தவரின் பெயரை மாற்றிவிட்டுத்தான் பேட்டியின் எழுத்துப்படியை அவருக்கு அனுப்பியிருந்தேன். ஆனால் இரட்டைக் குழந்தைகள், வீட்டில் நடந்த தீ விபத்து என்று படித்தாலே உறவினர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் விலகிக்கொண்டார். அவர் பயம் நியாயமானது. எந்தத் தேதிவரை விலகலாம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே தெளிவாகப் போடுங்கள்.

இன்னொன்று. 'பேயை நம்புகிறீர்களா?' என்று தொடங்காதீர்கள், 'என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள், கைகால் அசையவில்லை என்று ஒருவர் சொல்லும்போது தூக்க முடக்கம் (விழிப்பு வந்தும் உடல் சற்று நேரம் அசையாத நிலை) என்ற விளக்கம் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். மல்லாந்து படுத்திருந்தாரா, அப்போதுதான் விழித்தாரா என்பதையெல்லாம் அவர் முழுக்கச் சொல்லி முடித்தபின் கேட்கலாம்.