பலிபீடத்துக்குப் பின்புறம்

புனித அன்னம்மாள் ஆலயத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். விதானத்தில் விலா எலும்புகள் போன்ற கல்வளைவுகள் கொடிபோல் வளைந்து பூப்பூவாக விரிகின்றன. ஜெர்மனியின் சாக்சனி மாநிலம், எர்ட்ஸ்கெபிர்கெ மலையில் உள்ள அன்னாபெர்க் நகரம் இது. வெள்ளி கிடைத்ததால் 1496இல் உருவான ஊர். மூன்றே ஆண்டுகளில் கோயில் வேலையும் தொடங்கிவிட்டது. சுரங்கத் தொழிலாளருக்கு அன்னம்மாள்தான் காவல்.

நான் தேடிவந்தது முன்புறத்தை அல்ல. சுரங்கப் பலிபீடம் என்று அழைக்கப்படும் பீடத்தின் பின்பக்கம் போனேன். 1521இல் ஹான்ஸ் ஹெஸ்ஸே தீட்டிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. முக்காடிட்ட வெள்ளைச் சட்டைக்காரர்கள் மலையைக் குடைகிறார்கள், உருளையைச் சுற்றி வாளி இழுக்கிறார்கள். ஒரு பெண் தாதுவை அலசுகிறாள். புனிதர்களுக்கு முன்பக்கம், உழைத்தவர்களுக்குப் பின்பக்கம் என்று முதலில் சற்றுக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் குனிந்த முதுகைப் பார்த்தபடி நின்றபோது என்னையறியாமல் கைகள் குவிந்தன. அன்று நான் செய்த ஜெபம் அதுதான்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. பிற்பகலில் தொப்பியில் இறகு செருகிய சுரங்கக்காரர்கள் பித்தளை வாத்தியங்கள் முழங்க அணிவகுத்து வந்தார்கள். "குளூக் அவுஃப்!" என்பது அவர்களுடைய வணக்கம், தாது நரம்பு திறக்கட்டும் என்ற வாழ்த்து.

குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி, இருட்டியபின் ஏறிவந்தவர்களுக்குப் பகல் என்பதே கிடையாது. வெளிச்சத்தின் மேல் இந்த ஊருக்கு இவ்வளவு ஆசை இருப்பதில் வியப்பில்லை. அந்நாளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஷிஃப்டை முன்னதாகவே முடித்து, ஒன்றாகக் கூடிப் பாடி, ஜெபித்து, உண்பார்கள். அதற்கு 'மெட்டன்ஷிக்ட்' என்று பெயர். ஜன்னல்தோறும் வளைவு விளக்கு எரிகிறது, 'ஷ்விப்போகன்' என்கிறார்கள்.

நான் தங்கிய வீட்டு ஜன்னலில், விளக்கேந்திய மரப்பொம்மைகள் மூன்று நின்றன: இரண்டு சுரங்கக்காரர்கள், ஒரு தேவதை. வீட்டில் ஆண்பிள்ளை ஒருவனுக்கு ஒரு சுரங்கக்காரன், பெண்பிள்ளைக்கு ஒரு தேவதை என்பது கணக்கு. மூன்று பிள்ளைகளும் வெளியூரில் இருக்கிறார்களாம். பொம்மைகளின் கையில் இருந்தவை மின்விளக்குகள். மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லையா என்று அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டேன்.

"ஏற்றினோம். திரைச்சீலை பற்றிக்கொண்டது" என்றார்.