பத்தாவது நிமிடத்தில் மட்டும் எடுக்காத இஞ்சின்

போன ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவில் அளம்பிலுக்கு நேரே கடலில் என் படகு இஞ்சினை ஒன்பது தடவை நிறுத்தினேன். ஒன்பது தடவையும் இரண்டாவது இழுவைக்குள் எடுத்தது. மூன்று மாதமாக இந்த ஒரு வரியை எழுதத்தான் காத்திருந்தேன்.

இஞ்சின், படகின் பின்னால் மாட்டுகிற பழைய 15 குதிரைவலு ரூ ஸ்ரோக், பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுவது. இரண்டு சிலிண்டர், 246 சீசீ, கயிறு இழுத்து ஸ்ரார்ட் செய்வது. சிலாவத்தையில் ஒருவர் 25க்கு மாறியபோது அவரிடம் வாங்கினேன். என்னுடைய 18 அடி பைபர் படகுக்கு இது தாராளம். சனி, ஞாயிறில் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, போய் நங்கூரம் போட்டுத் தூண்டில் பிடிப்பதுதான் என் வேலை. குளிர்ந்து கிடக்கும்போது இஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விடியக்காலையில் சோக்கை இழுத்தால் மூன்றாவது இழுவையில் உயிர் வந்துவிடும். ஓடும்போது ஒரு தடவைகூட நின்றதில்லை. பாரில் நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து இடம் மாற்றலாம் என்று கயிற்றைப் பிடித்தால்தான் வில்லங்கம். இருபது இழுவை, முப்பது இழுவை, உள்ளங்கை கொப்பளித்துப்போகும். ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல எடுக்கும்.

வேறு இடமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கரை கிழக்கைப் பார்த்த கரை. சோளகம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, அழகாக இருக்கும். ஆனால் இஞ்சின் இல்லாத படகை அந்தக் காற்று வெளியேதான் கொண்டுபோகும். மே மாதத்தில் ஒருநாள் நங்கூரத்தைத் தூக்கிய பிறகு இஞ்சின் எடுக்கவில்லை. நான் இழுத்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் கரையின் பனைகள் சின்னதாகிக்கொண்டே போயின. அன்றைக்குப் பிறகு, இஞ்சின் ஓடத் தொடங்கும்வரை நங்கூரத்தைத் தூக்குவதில்லை. அதோடு, இதற்குக் காரணம் தெரியாமல் மனம் ஆறவில்லை.

கேட்ட எல்லோரும், பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்புகிற காபரேற்றரில்தான் பழுது என்றார்கள். பக்கத்து வாடியில் இருக்கிற அண்ணை, சிலிண்டருக்குள் பொறி போடுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பெற்றோலில் நனைந்து சொட்டியது. "தம்பி, வேறை ஒண்டுமில்லை. சூட்டிலை பெற்றோல் கூடப் போகுது. காபரேற்றரைக் கழட்டு" என்றார். கழற்றினேன். மூன்று தடவை. ஊசி வால்வை மாற்றினேன், மிதவையின் உயரத்தைச் சரிபார்த்தேன், ஜெட்டுகளைக் கழுவினேன். பெற்றோல் வரும் குழாயும் கைப்பம்பும் புதிது. ராங்கி மூடியின் காற்றுத் துளை திறந்தே இருக்கிறது. ஈரச் சாக்கை மடித்துக் காபரேற்றரின் மேலும் பெற்றோல் பம்பின் மேலும் போட்டுப் பார்த்தேன், சூட்டில் பெற்றோல் கொதிக்கிறதோ என்று. ஒரு மாற்றமும் இல்லை. குளிர்ச்சித் தண்ணீர் பின்பக்கத்தால் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆகவே இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகவும் இல்லை.

மாமா சொன்னது வேறு. அவர் யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்குள் வராதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிப் பழகியவர். "மண்ணெண்ணெயிலை நிப்பாட்டினா திரும்ப எடுக்கிறது கஷ்டம். பெற்றோலுக்கு மாத்தி ரண்டு நிமிசம் ஓடவிட்டுப்போட்டு நிப்பாட்டு" என்றார். மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால், ஆறிய இஞ்சினில் கயிறு இழுக்கிற வேகத்துக்கு அது பற்றாது. ஆனால் என்னுடையது பெற்றோல் மட்டும் குடிக்கிறது, 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் ஒயில். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போன பிறகு, அதற்கு மாறுகிற யோசனையையும் விட்டுவிட்டேன். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

திருப்பம் ஒரு கொப்பியில்தான் வந்தது. நிறுத்திய நேரம், திரும்ப இழுத்த நேரம், எத்தனையாவது இழுவை என்று நான்கு வாரம் குறித்துவைத்தேன். ஒரு நிமிடத்தில் இழுத்தால் முதல் இழுவை. மூன்று நிமிடத்தில் இரண்டாவது. எட்டு நிமிடத்தில் இடையிடையே ஒரு தும்மல். பத்திலிருந்து இருபத்தைந்து வரை ஒன்றுமே இல்லை. நாற்பதில் தும்மித் தும்மி எடுக்கும். ஒரு மணி நேரத்தில் புதிது மாதிரி.

இஞ்சின் ஓடும்போதுதான் அதிகச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்பாகத்துக்கு அது பொருந்தாது. ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, இஞ்சினின் உச்சியில் சுழல்கிற கனத்த சக்கரமான பிளைவீல் விசிறிபோலக் காற்றை அள்ளுகிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். சிலிண்டரில் இருக்கிற சூடு மெதுவாக மேலே ஏறி, மூடிக்குள் அடைபட்டு நிற்கும். பிளைவீலுக்குக் கீழே இருக்கிற சாமான்கள் உச்சச் சூட்டுக்கு வருவது நிறுத்திப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான். என் கொப்பியில் இருந்த நேரமும் அதுவே.

பிளைவீலுக்குக் கீழே காபரேற்றர் இல்லை. பொறிக்கு மின்சாரம் உண்டாக்குகிற கம்பிச்சுருளான கொயில்தான் இருக்கிறது.

அப்படியானால் பிளக் ஏன் நனைந்திருந்தது? நெருப்பு இல்லாமல் முப்பது தடவை இழுத்தால், அதுவும் சோக்கைப் போட்டு இழுத்தால், பிளக் நனையாமல் என்ன செய்யும்? நனைந்ததால் எடுக்கவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். எடுக்காததால்தான் நனைந்தது. இதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு மாதம் போனது.

அடுத்த சனிக்கிழமை கடலுக்குச் சாரம் ஒன்றையும் கூடவே கொண்டுபோனேன். நடுப்பகல் வெயிலில் பிளக்கின் பொறி கண்ணுக்குத் தெரியாது. எத்தனையோ பேர் 'பொறி இல்லை' என்று சொல்வதும், 'இருக்கிறது' என்று சொல்வதும் இந்த வெயிலில் பார்த்துத்தான். நிறுத்திப் பன்னிரண்டாவது நிமிடத்தில் இரண்டு பிளக்கையும் கழற்றி, வயரோடு சேர்த்து, இரும்பில் நன்றாகத் தொடும்படி கட்டிவைத்தேன். பிளக் துளைகளை ஈரத்துணியால் அடைத்து, பிளக்குகளைத் துளைக்கு எட்டத்தில் வைத்தேன். உள்ளேயிருந்து வருகிற பெற்றோல் ஆவியில் பொறி பட்டால் முகம்தான் போகும். வயர்களை அந்தரத்தில் விட்டு இழுத்தாலும், அந்த மின்சாரத்தைச் சேர்த்துப் பொறிக்கு அனுப்புகிற சீ.டி.ஐ. பெட்டி பழுதாகலாம். பிறகு தலையோடு சாரத்தைப் போர்த்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். இருட்டுக்குள் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. மஞ்சளாக, நூல்மாதிரி ஒரு பொறி வந்து மறைந்தது. ஐம்பது நிமிடம் கழித்து அதே சாரத்துக்குள் அதே இழுவைக்கு நீலமாக, சத்தத்தோடு வெட்டியது.

இரண்டு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் பொறி போகிறதென்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றுதான் கெட்டிருக்கவேண்டும். நிறுத்துகிற சுவிச்சின் வயரைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. அதே இஞ்சின் வைத்திருக்கிற நண்பனின் சீ.டி.ஐ. பெட்டியை இரவல் வாங்கிப் போட்டேன், மாற்றமில்லை. அடுத்த சந்தேகம், அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தருகிற சார்ஜ் கொயில்.

இந்தக் கொயிலை முதல் மாதத்திலேயே மல்ரிமீற்றரால் அளந்திருந்தேன். 281 ஓம். சரியாக இருக்கிறது என்று எழுதிவைத்து, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அளந்தது வீட்டில், மாமரத்துக்குக் கீழே, குளிர்ந்த இஞ்சினில். இப்போது கடலில், மீற்றரின் இரண்டு முனையையும் முதலை வாய்க் கிளிப்பால் கொயில் வயரில் மாட்டிவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தேன்.

சூடேறினால் செம்புக் கம்பியின் தடை கூடுவது இயல்பு. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.39 வீதம். 30 பாகையிலிருந்து 80 பாகைக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே 281 ஓம் 335 வரை ஏறினால் அது பழுதல்ல. இதைத் தெரியாமல் நல்ல கொயிலைத் தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு 295, 304, 316 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டுவந்தது. ஏழாவது நிமிடத்தில் 322. ஒன்பதாவது நிமிடத்தில் இலக்கம் துள்ளத் தொடங்கியது. 410, 329, 900க்கு மேல், திரும்ப 331. பதினொன்றில் மீற்றர் திரையில் இலக்கமே இல்லை. சுற்று அறுந்துவிட்டது. ஸ்குரூட்ரைவரின் பிடியால் பிளைவீல் ஓரமாக மெல்லத் தட்டினேன். 333 என்று வந்து இரண்டு விநாடி நின்று மறுபடி போனது.

படகில் தனியாக இருந்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஓடும்போது ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஓடும்போது கொயில் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. மெல்லிய வெடிப்பு இருந்தாலும் அந்த வேகத்தில் கொயில் தருகிற வோல்ற்றேஜ் அதைத் தாண்டிப் பாயும். கையால் இழுக்கிற வேகத்தில் அவ்வளவு பலம் கிடையாது.

பிளைவீல் கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான், ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மூன்று கால் கொளுவி இழுக்கிற புல்லரை ஓரத்தில் மாட்டாதீர்கள். பிளைவீல் வளையும், உள்ளே காந்தம் கழன்றுவிடும். முகத்தில் இருக்கிற மூன்று துளைகளில் போல்ட் பூட்டித்தான் இழுக்கவேண்டும். புதுக்குடியிருப்பில் ஒரு வெல்டிங் பட்டறையில் 10 மில்லிமீற்றர் தகட்டில் மூன்று துளையும் நடுவில் ஒரு மரையும் போட்டு வாங்கினேன். பட்டறைக்காரர் துளைகளை அளந்து போட்ட நேர்த்தியைப் பார்க்கவேண்டும், ஒரு மயிரிழை பிசகவில்லை. நட்டைக் கழற்றி எடுக்காமல் தண்டின் நுனியோடு மட்டமாக விட்டு, நடுப் போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. 'டிங்' என்று விட்டுக்கொடுத்தது. பிளைவீலைத் தண்டில் இடம் மாறாமல் பிடிக்கிற அரைநிலாச் சாவி விழுந்து தொலையாமல் முதலில் அதை எடுத்து வையுங்கள்.

கொயிலைக் கழற்றி மேசையில் வைத்து, அக்காவின் ஹெயார் டிரையரால் சூடுகாட்டினேன். நான்காவது நிமிடத்தில் மீற்றர் துள்ளியது. டிரையரை அப்படியே பிடித்துக்கொண்டு, தீக்குச்சியால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். வயர் உள்ளே போகிற இடத்தில் அழுத்தினால் இலக்கம் திரும்பி வந்தது. பிளேடால் கறுப்புப் பூச்சைச் சுரண்டியபோது பச்சையாகக் களிம்பு. ஈயப்பற்றுக்குப் பக்கத்தில் தலைமயிர் தடிப்பில் இருந்த கம்பி, உப்பு தின்று, தொட்டும் தொடாமலும் நின்றது. சூட்டில் விரிந்து விலகுகிறது, ஆறினால் ஒட்டுகிறது. சுற்றிய கம்பி உள்ளே எங்காவது அறுந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நல்ல காலம், வெளி முனை. ஒரு சுற்றை அவிழ்த்து, பூச்சை நீக்கி, புது வயரோடு ஈயம் வைத்தேன்.

முதல் தடவை ஐந்து நிமிடத்தில் காய்கிற எப்பொக்சியால் மூடினேன். அது தவறு. அந்தப் பசை 60 பாகை தாண்டினால் இளகத் தொடங்கும், பிளைவீலுக்குக் கீழே அதைவிடக் கூடச் சூடு. இரண்டு கடல் ஓட்டத்துக்குப் பிறகு திறந்து பார்த்தால் பாகுமாதிரிச் சரிந்திருந்தது. அடுத்தது மெதுவாகக் காய்கிற, சூடு தாங்குகிற எப்பொக்சி. பூசிய இடம் பிளைவீலின் காந்தத்தில் இடிக்காமல் இருக்கவேண்டும். மகளின் களிமண்ணில் ஒரு துண்டைத் தட்டையாக்கி அதன் மேல் ஒட்டி, பிளைவீலை வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றி எடுத்தேன். களிமண் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புக்கு நசிந்திருந்தது. எப்பொக்சியை அரத்தால் ராவி, திரும்பவும் களிமண் வைத்தேன். நாலாவது தடவைதான் மனத்துக்குப் பிடித்த இடைவெளி வந்தது. இதற்கு மட்டும் ஒரு முழு மாலை.

புதுக் கொயிலுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். முல்லைத்தீவில் பிளக், இம்பெல்லர், புரொப்பெல்லர் எல்லாம் கிடைக்கும், ஆனால் 25க்கும் 40க்கும்தான். 15 என்றாலே கடைக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். ஒரு கடையில் 'இதே சாமான்தான்' என்று தந்த கொயிலின் துளைகள் தளத்தில் பொருந்தவே இல்லை, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். கையில் இருக்கிற கொயிலை அளந்து, துளைக்குத் துளை இடைவெளியை எழுதிக்கொண்டுபோகாமல் யாரும் வாங்காதீர்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாகப் பரந்தன் வரை வருகிறது, மிச்சம் என் மோட்டார்சைக்கிளில்.

இதற்கிடையில் கள்ளப்பாட்டில் ஒரு வீட்டுக் கொட்டிலில் 8 குதிரைவலு மண்ணெண்ணெய் இஞ்சின் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். கியர்பெட்டி நல்லது, மேல்பாகம் இறுகிப்போயிருக்கிறது. மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவேண்டும். அவர் காதை வைத்துக் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார்.

அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை பிளைவீலை இன்னொரு தடவை கழற்றவேண்டும். இருபது மணித்தியாலம் ஓடியிருக்கிறது, எப்பொக்சி அசைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஞாயிறு கடலில் பன்னிரண்டாவது நிமிடத்தில் அளந்தபோது 336 ஓம், துள்ளாமல் நின்றது.